அட்டைக் கூரையை இறக்கணுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் எங்களுக்கு வீடும் அதன் பின்னால் ஒரு தறிக்கூடமும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டைதான் கூரை. வீட்டுக்கு 1991-ல் அப்பா போட்டது. தறிக்கூடத்துக்கு அதற்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்துப் போட்டோம். எட்டு தறி, ஐந்து ஆள். போன கோடை மழைக் காற்றில் தறிக்கூடத்தில் நான்கு ஷீட் உடைந்துவிட்டது. மகள் தலைப்பிரசவத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. “அந்த அட்டை கேன்சர் கொடுக்கும், அதை எடுத்தால்தான் வருவேன்” என்கிறாள். எங்கள் கொத்தனாரோ, “முப்பது வருசமா மிஷின் வெச்சு அறுக்கறேன், எனக்கு என்ன ஆச்சு?” என்று சிரிக்கிறார். இதை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? தறிக்கூடத்தில் வெக்கை தாங்கவில்லை. கூரையில் சுற்றும் காற்றாடி பொருத்த ஷீட்டில் ஓட்டை போடலாமா? இறக்கும் ஷீட்டை ஒருவர் ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா? உடைந்த துண்டுகளைச் சந்தில் உள்ள பள்ளத்தில் கொட்டலாமா? ஏற்காட்டில் மச்சான் ஹோம்ஸ்டே நடத்துகிறார். அங்கே கூரை முழுக்கப் பாசி. பிரஷர் பம்ப் வாங்கிக் கழுவப் போகிறேன் என்கிறார். அது பரவாயில்லையா?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி, கொத்தனார் சிரிப்பதில்தான் நியாயமில்லை. அட்டைக்குள் இருக்கும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், புற்றுநோய் தரும் பொருள்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது நம் நுரையீரலுக்குப் போனால்தான் கெடுதல். தலைக்கு மேல் அசையாமல் கிடக்கும் நல்ல அட்டையிலிருந்து அவ்வளவாக எதுவும் இறங்கி வராது. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், சுரண்டினால் வரும். அதனால் உங்கள் வீட்டில் இத்தனை வருடம் கூரை செய்த கெடுதலைவிட, அதை அவசரப்பட்டுப் பிரிக்கும் ஒரே நாளில் அதிகக் கெடுதல் நடக்கலாம். நான் கீழே சொல்வது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பொருள் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊரில் சிமெண்ட் ஷீட், சிமெண்ட் அட்டை என்று விற்பதில் பெரும்பங்கு சிமெண்டும் நிலக்கரிச் சாம்பலும்தான். நூற்றுக்குப் பத்துக்கும் கொஞ்சம் குறைவாகக் கல்நார் இழை சேர்ப்பார்கள். காங்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, அப்படித்தான் அட்டைக்கு இந்த இழை. இது கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். சேலத்துக்காரர்களிடம் பேசும்போது இங்கே ஒரு சிக்கல் வரும். மாமாங்கம், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் தூசியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். “வெள்ளைத் தூசிதானே சார், நம்ம ஊர்ல இல்லாததா?” என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். கிரைசோடைல் மக்னீசியம் சிலிகேட். பெயரளவில் ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி தெரியும். ஆனால் ஒன்று பொடிந்தால் பொடி, மற்றது பிரிந்தால் நூல். அந்த நூல் நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த பிறகும் பிரியும். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். தறி ஓட்டுகிறவருக்கு இழை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே தங்கிய இழையால் வருவது மூன்று. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். மூன்றும் உடனே வராது. இருபது வருடம், முப்பது வருடம், சில சமயம் நாற்பது வருடம்கூட ஆகும். கொத்தனாரின் “எனக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். அவருக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை.

இனி சட்டம். வீட்டுக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வைத்திருப்பது இந்தியாவில் குற்றமில்லை. இறக்கியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்க முடியாது. இன்றைக்கும் கடையில் புது ஷீட் வாங்கலாம். உலகத்தில் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. பிரிட்டன் 1999-ல், பிரேசில் 2017-ல், கனடா 2018-ல். நம் நாட்டிலும் 1986 முதல் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை தருவதை நிறுத்தினார்கள். ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கல்நார் கப்பலில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் மண்ணில் தோண்டக் கூடாத அளவுக்குக் கெட்ட பொருள், இறக்குமதி செய்தால் மட்டும் எப்படி நல்லதாகிறது என்று எனக்கு இதுவரை புரியவில்லை. தடை கேட்டுப் போன வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதுகாப்பு விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னதோடு சரி.

உங்கள் மகள் பயந்ததற்கு ஒரு காரணம், வெளிநாட்டு விதிகளைப் படித்திருப்பார். பிரிட்டனில் 2000-க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் கல்நார் இருக்கலாம், அதற்குப் பிறகு கட்டியது என்றால் இருக்காது என்று வருடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் போட்ட கூரையிலும் கல்நார் இருக்கலாம். ஆனால் நம்மிடம் வேறொரு வழி இருக்கிறது. ஷீட்டின் மேல் அச்சடித்திருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையில் எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 459 என்று இருந்தால் கல்நார் அட்டை. ஐ.எஸ். 14871 என்று இருந்தால் கல்நாருக்குப் பதிலாக வேறு இழை போட்ட அட்டை. புது ஷீட் வாங்கும்போது கடைக்காரரிடம் “கேன்சர் வராத ஷீட்டா?” என்று கேட்டால் எதைக் காட்டினாலும் ஆமாம் என்பார். எண்ணைக் கேளுங்கள். 1991-ல் போட்டதற்கு எண் தேட வேண்டாம், கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தறிக்கூடம் விஷயம் வேறு. அங்கே நீங்கள் வீட்டுக்காரர் இல்லை, முதலாளி. பழைய தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 20 பேர். ஐந்து பேர் இருக்கும் உங்கள் கூடம் இரண்டிலும் வராது. அதனால் ஆய்வாளர் வந்து கூரையைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பொறுப்பு போய்விடாது. ஊதியம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் உங்கள் வேலையில் விழுந்தாலோ நோய்ப்பட்டாலோ இழப்பீடு கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். கல்நாரால் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆஸ்பெஸ்டோசிஸைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

கல்நாரை நேரடியாகக் கையாளும் ஆலைகளுக்கு 1995-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு ஒன்று உண்டு. தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை அவருடைய உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். நாற்பது வருடம்! நோய் எவ்வளவு பொறுமையானது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. இந்த உத்தரவு உங்களுக்கானது அல்ல, கொத்தனாரிடம் படித்துக் காட்டத்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் கூரைக்கு வருவோம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

வீட்டுக் கூரையை ஏணி வைத்து ஓரத்திலிருந்து, மேலே ஏறாமல், செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கெட்டியாக இருக்கிறதா, இல்லை பழைய கோணிச்சாக்கு ஓரம் மாதிரி பிசிறு பிசிறாகத் தெரிகிறதா? தண்ணீர் இறங்கும் தகரக் கால்வாயில் சாம்பல் நிறச் சேறு சேர்ந்திருக்கிறதா? வெடிப்பு, போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பிளவு இருக்கிறதா? இவை எதுவும் இல்லை, வெயிலில் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் அந்தக் கூரையைத் தொடாதீர்கள். உள்பக்கம் வெறும் அட்டையாக இருந்தால் இரண்டு கை பெயின்ட் அடியுங்கள். அடிக்குமுன் உப்புத்தாள், கம்பி பிரஷ் போடக் கூடாது. பெயின்டர் பழக்கதோஷத்தில் போடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரத்துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு அடிக்கலாம். ஃபால்ஸ் சீலிங் போடுவதென்றால் தொங்கும் கம்பியை இரும்புச் சட்டத்தில் பிடிக்கட்டும், அட்டையில் துளை வேண்டாம்.

தறிக்கூடத்தில் நான் கவலைப்படுவது உடைந்த நான்கு ஷீட்டைப் பற்றி மட்டும் இல்லை. தறிக்கூடம் என்றால் பஞ்சு பறக்கும், பஞ்சு மேலே போய் அட்டையின் அடிப்பக்கத்தில் ஒட்டடையாகத் தொங்கும். சனிக்கிழமையோ அமாவாசைக்கு முந்தின நாளோ ஒரு ஆள் நீளக் குச்சியில் தென்னம் விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு கரகரவென்று அடிப்பார். சேலத்துத் தறிக்கூடங்களில் நான் பார்த்ததில் கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது இந்த விளக்குமாறுதான். விழுவது பஞ்சு என்றே எல்லோரும் நினைப்பார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு அடிக்கிற ஆளுக்கு அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. முப்பது வருடம் இப்படி அடிபட்ட அடிப்பக்கம் கெட்டியாக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். தறிக்கூடக் கூரையை மொத்தமாக இறக்கிவிடுங்கள். நான்கை மட்டும் மாற்றி மீதியை விட்டால், புது ஷீட்டைக் கோர்க்கப் பக்கத்து ஷீட்டை நெம்ப வேண்டும். அதுவும் உடையும். கையில் இப்போது பணம் இல்லை என்றால், அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்து, விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத்துணி சுற்றிய குச்சியால் துடைத்து ஒரு வருடம் ஓட்டலாம்.

இறக்கும் வேலைக்கு வருவோம். இதில் முதல் ஆபத்து கேன்சர் இல்லை, விழுவது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில், ஓட்டை அடைக்க ஏறிய பையன் ஒருவன், பாசி படிந்த ஷீட்டின் நடுவில் கால் வைத்தான். ஒரு சத்தமும் இல்லை. அவன் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. இருபதடிக்குக் கீழே களத்தில் கிடந்தான். உயிர் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே இன்றுவரை சரியில்லை. பழைய அட்டை மனிதக் கனத்தைத் தாங்காது, தாங்கும் மாதிரி தோன்றும். போல்ட் வரிசை மேல் நடந்தால் விழமாட்டோம் என்பதும் பாதி மூடநம்பிக்கைதான். கீழே சாரம் கட்டி, அடிப்பக்கமிருந்தே போல்ட்டைக் கழற்ற முடிந்தால் அதுதான் நல்லது. மேலே ஏறியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று சட்டங்களின் மேல் உட்காரும் நீளமான பலகையைப் போட்டு, இடுப்பு பெல்ட்டைத் தனியாகக் கட்டிய கயிற்றில் மாட்டி ஏற வேண்டும். உங்கள் தறிக்காரர்களை ஏற்றாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஏற்றிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் லேபர் ஆபீசுக்கும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குத் தறி ஓடக் கூடாது. பாவு, நூல், துணி எல்லாவற்றையும் முந்தின நாளே வெளியேற்றிவிடுங்கள். நூலில் ஒட்டிய இழையைப் பிறகு எடுக்கவே முடியாது. தறிகளின் மேல் தார்ப்பாய் போட்டு ஓரங்களைக் கட்டிவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நான்கைந்து சொட்டு விட்டு, ஷீட்டின் இருபக்கமும் நனையும்படி மெல்லிய தூவலாக அடிக்க வேண்டும். சோப்பு விட்டால்தான் தண்ணீர் வழுக்கி ஓடாமல் உள்ளே இறங்கும். காய்ந்தால் மறுபடி அடியுங்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே எண்ணெய் விட்டுவையுங்கள். கழன்றால் சரி, துரு பிடித்து மாட்டிக்கொண்டால் அடியில் கம்பியை போல்ட் கட்டரால் நறுக்குங்கள். கட்டிங் மிஷினை ஷீட்டின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒரே ஒரு வெட்டுக்கு அந்த மிஷின் எழுப்பும் புகை, ஒரு நாள் முழுக்கக் கையால் செய்யும் வேலையில் வராது. கடப்பாரையும் சுத்தியலும் வேண்டாம். பத்தடி ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் இரண்டு பேர் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசினால் மணல் மேல் விழுந்தாலும் உடையும்.

மூக்கில் துண்டு கட்டுவது, கொரோனா காலத்து நீல மாஸ்க் போடுவது எல்லாம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். எஃப்.எஃப்.பி. 3 என்று அச்சடித்த மாஸ்க், அல்லது பி100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். தொழிற்பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காராது. இதைச் சொன்னால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கக் கூடாது. நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் வேக்குவம் கிளீனர் இழையைப் பின்பக்கம் ஊதிவிடும், அதை எடுக்காதீர்கள். அப்புறம், வேலை செய்தவர்கள் அதே சட்டையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. கல்நார் ஆலைக்குள் கால் வைக்காத பெண்களுக்கு, கணவன் சட்டையை உதறித் துவைத்ததாலேயே மீசோதீலியோமா வந்திருக்கிறது. மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம் இது. பழைய சட்டை லுங்கி கொடுத்து, அங்கேயே குளிக்க வைத்து, அந்தத் துணியை ஈரமாகவே கட்டி எறிந்துவிடுங்கள்.

எங்கே எறிவது? இங்கேதான் நம் ஊர் விதிகள் கையை விரிக்கின்றன. 2016-ம் வருட அபாயக் கழிவு விதிகளில் கல்நார்க் கழிவு இருக்கிறது. ஆனால் கல்நார்ப் பொருள் தயாரிக்கும் ஆலைகளை மனதில் வைத்து எழுதியது அது. ஒரு தறிக்கூடத்திலிருந்து இறங்கும் ஐம்பது ஷீட்டை என்ன செய்வது என்று நேராகச் சொல்லவில்லை. முறையான இடம் என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற அபாயக் கழிவுப் புதைப்பிடம். கும்மிடிப்பூண்டி சேலத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். ஒரு சின்ன தறி முதலாளியை அங்கே போகச் சொல்வது எவ்வளவு நடக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் நான் சொல்வது இதுதான்: சேலத்தில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு, எத்தனை ஷீட், எந்தத் தேதியில் இறக்குகிறோம் என்று எழுதிக் கொடுத்து, எங்கே ஒப்படைப்பது என்று எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சிக்கும் ஒரு நகல் கொடுங்கள். பதில் வரும்வரை முழு ஷீட்டுகளைப் படுக்கையாக அடுக்கி, கனமான பாலிதீன் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, “கல்நார், உடைக்காதே” என்று பெரிதாக எழுதி, வண்டி ஏறாத மூலையில் வையுங்கள். துண்டுகளை நனைத்துத் தடிமனான பைகளில் இரட்டையாகக் கட்டுங்கள். சொந்த நிலத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வாரியத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள். இன்று நீங்கள் புதைத்த இடத்தில் நாளைக்கு உங்கள் பேரன் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுவான்.

சந்துப் பள்ளத்தில் கொட்டுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. வண்டி ஏற ஏற அது அரைபடும். கோடையில் தெருவே தூசி பறக்கும், அதில் குழந்தைகள் விளையாடும். குப்பை வண்டியிலும் போடாதீர்கள், பொறுக்கிப் பிரிக்கும் தொழிலாளர்கள் கையால் தொடுவார்கள்.

ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்பவருக்குக் கொடுக்கலாமா என்றால், சட்டம் தடுக்காது, நான் தடுப்பேன். பழைய ஷீட்டின் ஓட்டை புதுச் சட்டத்தில் பொருந்தவே பொருந்தாது. அவர் புதுசாகத் துளை போடுவார், நீளம் அதிகம் என்று அறுப்பார். நீங்கள் பத்திரமாக இறக்கிய ஷீட்டை அவர் வாசலில் வைத்துத் தூளாக்குவார்.

சுற்றும் காற்றாடி நல்ல ஏற்பாடுதான். அதற்காகக் கல்நார் ஷீட்டில் வட்டம் வெட்ட வேண்டாம். எப்படியும் கூரையை மாற்றுகிறீர்கள். காற்றாடி உட்காரும் இடத்துக்கென்றே வார்த்த ஃபைபர் அடித்தகடு வரும், அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் வெட்டும் வேலையே இல்லை. புதுக் கூரைக்குக் கலர் ஷீட் போடுவதென்றால் அடியில் வெப்பத்தடுப்புப் படலம் சேர்த்துப் போடுங்கள். வெறும் தகரம் போட்டால் சித்திரை மாதம் உங்கள் ஆட்கள் அட்டையே தேவலை என்பார்கள். மழைச் சத்தமும் தறிச் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். வெக்கையும் சத்தமும் குறைவாக வேண்டுமென்றால் மேலே சொன்ன 14871 எண் அட்டை நல்லது.

ஏற்காட்டு மச்சானிடம் இன்றே போன் போட்டு, பிரஷர் பம்ப் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலையில் மூடுபனியும் தூறலும் மாறி மாறி அடிப்பதில் அட்டைமேல் பாசியும் கல்பாசியும் ஏறுவது சகஜம். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, பாசியால் ஆபத்து கூடுவதில்லை. அதைச் சுரண்டும்போதுதான் ஆபத்து. பிரஷர் தண்ணீர் பாசியோடு சேர்த்து மேல்தோல் சிமெண்டையும் உரித்துவிடும், உள்ளே இருந்த இழை வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் சுவரிலும் முற்றத்திலும் தெறித்துக் காய்ந்தால், வெள்ளைப் படலமாகப் படிந்து பிறகு தூசியாகக் கிளம்பும். அவர் வாடகைக்கு விடும் அறைக்குப் பக்கத்திலேயே! பாசி அப்படியே இருக்கட்டும். பழைய எஸ்டேட் லயன் வீடு, ஊர் மணம் என்று விருந்தினரிடம் சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. கூரை நைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், ஆனால் மழைக்காலம் முடிந்து, அறைகளை மூடிவைத்துவிட்டு.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், உங்கள் உறவில் யாராவது சாயப்பட்டறையோ சேகோ ஆலையோ நடத்தினால் உதவும். அட்டையைவிடப் பல மடங்கு ஆபத்தானது பழைய பாய்லர்க் குழாயில் சுற்றிய கல்நார்க் கயிறும் பூச்சும். அட்டையில் இழை சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது, கயிற்றில் பஞ்சு மாதிரி அவிழ்ந்து கிடக்கிறது. கையால் பிய்த்தால் வரும். அதைப் பிரிக்க இந்தக் கட்டுரையில் சொன்ன சோப்புத் தண்ணீரும் மாஸ்க்கும் போதாது. அந்த வேலை தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

மழைநீரைப் பற்றியும் மகள் கேட்பாள். கல்நார் இழை வயிற்றுக்குப் போவதால் கெடுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, உலக சுகாதார நிறுவனமும் குடிநீரில் அதற்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. இருந்தாலும் நைந்த கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். மழைநீர்க் குழிக்கு விட்டுவிடுங்கள்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். அவள் தங்கப்போகும் வீட்டுக் கூரை முழுசாக இருந்து, உள்ளே பெயின்டும் அடித்துவிட்டால், குழந்தையோடு வந்து இருப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. தறிக்கூட வேலையை மட்டும் அவள் வருவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதற்குள் முடியாது என்று தோன்றினால் தொடங்கவே தொடங்காதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். உடைந்த நான்கு ஷீட்டின் துண்டுகளை மட்டும் இந்த வாரமே நனைத்து எடுத்துக் கட்டிவிட்டு, திறந்த இடத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

கொத்தனாரை இந்த வேலைக்கு வைப்பது உங்கள் இஷ்டம், மிஷினை வீட்டில் வைத்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டால். அவர் பீடி பிடிப்பவரா என்று கேளுங்கள். கல்நார்த் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டையும் கூட்டின கணக்கில் வராது, பெருக்கின கணக்கில் வரும். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் மாதக்கணக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள், இல்லாவிட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நம் பக்கம் இருமல் என்றதும் டாக்டர் முதலில் டி.பி.யைத்தான் தேடுவார், அதில் தப்பில்லை. அதனால் முப்பது வருடமாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்த ஆள் என்பதைக் கொத்தனாரே வாய் திறந்து சொல்ல வேண்டும். சீட்டு எழுதும்போது “கூலி வேலை” என்று மட்டும் போடவிடாமல், நீங்களும் கூடப் போனால் தேவலை.